பி.காம். படித்த பெண்ணும் பட்டாளத்துக் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மஞ்சள் பை

2024 ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையோரம், பொன்னைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பாட்டியும் பேத்தியும் வந்தார்கள். பாட்டி கையில் மஞ்சள் பை. பைக்குள் செத்துப்போன கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, வங்கிப் பாஸ்புக், ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை. எல்லாவற்றையும் ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

நான் ராணுவத்தில் 26 ஆண்டு கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்த பிறகு சுற்றுவட்டாரத்து மிலிட்டரிக் குடும்பங்களுக்கு பென்ஷன் காகிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். வேலூர்ப் பக்கம் இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கணியம்பாடியை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அங்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் எல்லையோரக் கிராமங்களிலும் தெருவுக்கு நாலு வீடாவது அப்படி உண்டு. அந்த வீடுகளில் இப்போது பிள்ளைகள் பி.காம். படிக்கிறார்கள். படித்துவிட்டு, "ராணுவத்துல அக்கவுண்ட்ஸ் வேலை இருக்காமே, எப்படிச் சேர்றது?" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒரு பெண்ணின் கதையை விரிவாக எழுதி வைக்கிறேன்.

பேத்திக்கு அப்போது 21 வயது. முந்தைய ஆண்டு பி.காம். முதல் வகுப்பில் முடித்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூர் போகும் வழியில் உள்ள ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணினியில் கணக்கு எழுதும் டேலி வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர். தினமும் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தாள். கூழ் ஆந்திராவுக்குள்ளேயே விற்றால் மத்திய, மாநில வரிகளான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், அதே கூழ் பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்பாடிக்கு வந்தால் மாநிலம் தாண்டும் வரியான ஐ.ஜி.எஸ்.டி. எடைச்சீட்டு தெலுங்கில், பேச்சு தமிழில், பில் ஆங்கிலத்தில். மாங்காய்ப் பருவத்தில் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டியின் பிரச்சினை பழகிய பிரச்சினைதான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு 80 வயது நிறைந்தால், அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 85 வயதில் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதம் என்று அது ஏறும். பாட்டிக்கு 2023 மார்ச்சில் 80 நிறைந்துவிட்டது. ஆனால் கணவரின் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதி எழுத வேண்டிய இடம் காலி. போதாக்குறைக்கு, ஆதாரில் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, ராணுவ ஆவணத்தில் 'அம்மா' என்று நின்றுவிடுகிறது. எங்கோ ஒருவர் நாற்பது ஆண்டுக்கு முன்னால் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அதனால் பதினாலு மாதமாகக் கூடுதல் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால் மேலே கேளுங்கள் என்றார்கள், மேலே எழுதினால் பதில் இல்லை.

அடிப்படை ஓய்வூதியம் 9,800 ரூபாய். அதில் 20 சதவீதம் 1,960. அதன் மேல் அகவிலைப்படி 50 சதவீதம் சேர்த்தால் மாதம் 2,940. பதினாலு மாதத்துக்கு 41,160 என்று நான் துண்டுத்தாளில் எழுதினேன்.

பேத்தி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, போன மார்ச்சுல அகவிலைப்படி 50 இல்லையே. 42 தானே?"

பேனாவை வாங்கிக்கொண்டாள். 2023 மார்ச் முதல் ஜூன் வரை நாலு மாதம் 42 சதவீதம், மாதம் 2,784. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதம் 46 சதவீதம், மாதம் 2,862. 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலு மாதம் 50 சதவீதம்; மாதம் 2,940. மொத்தம் 40,068. அகவிலைப்படியில் காசு வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்ற வேண்டும் என்கிற விதியை மட்டும் நான் சொன்னேன், மற்றதெல்லாம் அவளே போட்டாள்.

"கூட ஆயிரம் ரூபா கேட்டு எழுதினா இன்னா ஆவும் மாமா?"

"கணக்கு தப்புன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்புவாங்க. இன்னும் ஆறு மாசம்."

அவள் பாட்டியைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள். "இதையெல்லாம் யாரு மாமா உக்காந்து பாக்கறாங்க? மிலிட்டரிக்காரங்களா, ஆபீஸ்காரங்களா?" என்று கேட்டாள். இந்தத் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரும்பாலோர் சம்பளத்தை முதலில் கேட்கிறார்கள்.

சிப்பாயின் பேரேடு

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

தரைப்படையில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியாக ஓர் ஓடும் பேரேடு உண்டு. ஐ.ஆர்.எல்.ஏ. என்போம். பி.காம். படித்தவர்களுக்குப் பார்த்த உடனே புரியும்: வரவு, பற்று, முடிவு இருப்பு. அந்தப் பேரேட்டை வைத்திருப்பது ராணுவம் அல்ல. பாதுகாப்புக் கணக்குத் துறை என்கிற சிவில் துறை. டெல்லியில் பாலம் என்கிற பகுதியில் தலைமை அலுவலகம், சென்னை தேனாம்பேட்டையில் ஒரு கட்டுப்பாட்டு அலுவலகம், சிப்பாய்களின் சம்பளத்துக்கென்று ரெஜிமென்ட் மையங்களோடு சேர்ந்த சம்பளக் கணக்கு அலுவலகங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில். அதிகாரிகளின் சம்பளம் புனேயில், ஓய்வூதிய ஆணை பிரயாக்ராஜில். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற துறை. 2022இல் 275ஆவது ஆண்டு விழா கொண்டாடினார்கள்.

யூனிட்டில் இருக்கும் கிளார்க் என்ன செய்கிறான்? சிப்பாய்க்கு நடப்பதை எல்லாம் ஆணையாக எழுதுகிறான். லீவில் போனான், திரும்பினான், கல்யாணம் செய்தான், குழந்தை பிறந்தது, எல்லைப்பகுதியிலிருந்து அமைதிப் பகுதிக்கு மாறினான். இதற்கு பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால்தான் பேரேட்டில் படி ஏறும், படி இறங்கும். காகிதம் வராத நிகழ்ச்சி பேரேட்டில் இல்லை.

இதில் என் கையால் நடந்த ஒரு தவறையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். 1997இல் வடக்கே ஒரு யூனிட்டில் இருந்தேன். அமைதிப் பகுதிக்கு மாறி வந்த ஒரு நாயக்குக்குக் களப்படியை நிறுத்தும் பார்ட் டூ ஆர்டரை நான் ஆறு மாதம் தாமதமாக அனுப்பினேன். ஆறு மாதம் அவருக்குப் படி கூடுதலாக ஏறிக்கொண்டே இருந்தது. ஆணை போய்ச் சேர்ந்த காலாண்டில் மொத்தமும் பற்றாகிவிட்டது. பேரேட்டில் டெபிட் பேலன்ஸ். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போக இருந்தவர். சம்பளம் எடுக்க வந்தபோது எடுக்க ஒன்றும் இல்லை. அவர் என்னைத் திட்டவே இல்லை. கணக்குச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பணம் புரட்டிக் கொடுத்தோம். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மாமா, எழுதறது ஒருத்தர், பாக்கறது ஒருத்தர். பாட்டி விஷயத்துல ரெண்டு பேருமே பாக்கல" என்றாள்.

எந்தக் கதவு யாருக்குத் திறக்கும்

பாட்டி காகிதங்களை அனுப்பிய அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். தொலைபேசியில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு, 'ஃபைனான்ஸ் கோர்' என்று ஒரு பிரிவு இருக்கிறதாமே, அதில் எப்படிச் சேர்வது என்று கேட்டாள். அது அமெரிக்க ராணுவத்தில் இருப்பது. அங்கே சீருடை போட்ட நிதிப் பிரிவு தனியாக உண்டு. நம் தரைப்படையில் அதிகாரியாகச் சேர அப்படி ஒரு தனிக் கணக்குப் பிரிவு கிடையாது. சி.டி.எஸ். என்கிற ராணுவ அதிகாரித் தேர்வை எழுதிப் பரங்கிமலையில் பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆகலாம்; ஆனால் பி.காம். படித்ததற்காகக் கணக்கு மேசை கிடைக்காது. எந்தப் பிரிவு கொடுக்கிறார்களோ அங்கே போக வேண்டும். இணையத்தில் பார்த்ததை நம்பி நம் பிள்ளைகள் ஓராண்டை வீணாக்குவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் போன வழி அவளுக்கு இல்லை. சிப்பாய் மட்டத்தில் கிளார்க் வேலைக்கு இப்போது அக்னிவீர் திட்டத்தில்தான் ஆள் எடுக்கிறார்கள். பிளஸ் டூவில் மொத்தம் 60 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 50, அதிலும் ஆங்கிலத்திலும் கணிதம் அல்லது கணக்குப்பதிவியலிலும் 50 கட்டாயம். நாலு ஆண்டு வேலை, அதன் பிறகு நாலில் ஒருவருக்குத்தான் தொடர்ச்சி. தரைப்படையில் பெண்களை அக்னிவீராக எடுப்பது ராணுவக் காவல் பிரிவுக்கு மட்டும்.

கடற்படையில் லாஜிஸ்டிக்ஸ் பிரிவு நிதியையும் சேர்த்துப் பார்க்கிறது. பயிற்சி கேரளத்தில் எழிமலையில். ஆனால் வெறும் பி.காம். போதாது, முதல் வகுப்போடு நிதி, லாஜிஸ்டிக்ஸ் போன்ற ஒன்றில் முதுநிலை டிப்ளமா வேண்டும். இன்னும் ஓராண்டு, இன்னும் ஒரு கட்டணம். அப்பாவின் லாரிக் கடனைச் சொல்லி அவளே அதை ஒதுக்கினாள்.

மீதி இருந்தவை இரண்டு கதவுகள், அவற்றில்தான் உண்மையான தேர்வு இருந்தது.

ஒன்று, விமானப்படையின் கணக்குப் பிரிவு. பி.காம். 60 சதவீதத்துக்கு நேரடியாகத் திறக்கிற கதவு. ஏ.எஃப்.கேட். என்கிற விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை; 100 கேள்வி, 300 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும். வயது 20 முதல் 26. தேறினால் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, பிறகு மருத்துவம், தகுதிப் பட்டியல், ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் துண்டிகல் அகாதமி. விமானப்படையில் சம்பளக் கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கிறது. டெல்லியில் விமானப்படையின் மையக் கணக்கு அலுவலகம் அதைப் பார்க்கிறது. அதனால் அங்கே கணக்கு அதிகாரி என்பவர் நீலச் சீருடை போட்ட அதிகாரி. நிலையத்தின் பணம், நிதிகள், உள் தணிக்கை எல்லாம் அவர் பொறுப்பு.

இன்னொன்று, நான் மேலே சொன்ன பாதுகாப்புக் கணக்குத் துறை. மேலே அதிகாரியாகவே நுழைய ஐ.டி.ஏ.எஸ். என்கிற பணி உண்டு, அது யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு வழி. கீழிருந்து வர, மத்திய பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் ஆடிட்டர், அதாவது தணிக்கையாளர் பதவி. எந்தப் பட்டமும் போதும். சீருடை கிடையாது. பில்லைப் பார்த்து அனுமதிப்பது, கணக்குத் தொகுப்பது, யூனிட்டுகளுக்குப் போய் உள் தணிக்கை செய்வது. துறைக்குள் எஸ்.ஏ.எஸ். என்கிற பதவி உயர்வுத் தேர்வு எழுதித் தேறினால் உதவிக் கணக்கு அதிகாரி.

இரண்டுக்கும் சம்பளம் எவ்வளவு என்று அவளே போட்டுப் பார்த்தாள். விமானப்படை அதிகாரியின் முதல் பதவியான ஃப்ளையிங் ஆபீஸருக்குத் தொடக்க அடிப்படை 56,100, ராணுவ சேவைப் படி 15,500. ஆடிட்டருக்கு 29,200. 2025 ஜனவரியின் 55 சதவீத அகவிலைப்படியோடு பார்த்தால் அங்கே 1,10,980, இங்கே 45,260. மற்ற படிகள் தனி. இரண்டு மடங்குக்கும் மேல். லாரிக் கடன் இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசத்தைச் சின்னது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். விமானப்படை வேலை குறுகிய காலப் பணி; முதலில் 10 ஆண்டு, பிறகு 4 ஆண்டு நீட்டிப்பு. நிரந்தரப் பணி தகுதியையும் காலியிடத்தையும் பொறுத்தது. 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாதாந்திர ஓய்வூதியம் கிடையாது. அதிகாரிக்கு அதற்கு 20 ஆண்டு வேண்டும். ஆடிட்டர் வேலை 60 வயது வரைக்கும். ஓய்வூதியம் பழைய முறை அல்ல. புதிய திட்டம், அல்லது 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த திட்டம். 36 வயதில் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கத் தைரியம் உள்ளவர்களுக்கு முதல் கதவு நல்ல கதவு. அது எல்லாருக்கும் பொருந்தாது.

கல்லூரிக் கணக்கும் சர்க்கார் கணக்கும்

கல்லூரியில் லாபநட்டக் கணக்கு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு படித்துவிட்டு வருகிறவர்கள், ராணுவ நிதி என்றால் அதே கணக்கைப் பெரிய தொகையில் போடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சர்க்கார் கணக்கு ரொக்க அடிப்படையில் நடப்பது. பணம் கை மாறிய நாள்தான் கணக்கு. மார்ச் 31 ராத்திரி செலவாகாத ஒதுக்கீடு காலாவதி. லாபம் என்ற சொல்லே கிடையாது. தரைப்படைச் செலவுக்கு 2076, கடற்படைக்கு 2077, விமானப்படைக்கு 2078, ஆயுதம், விமானம் போன்ற மூலதனத்துக்கு 4076, ஓய்வூதியத்துக்கு 2071 என்று தலைப்பு எண்கள். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல். பாட்டியின் 1,960 ரூபாயும் அந்த 1.60 லட்சம் கோடிக்குள்தான் வர வேண்டும்.

அங்கே ஒரு பில்லைக் கையில் எடுத்தால் கேட்கிற முதல் கேள்வி, இதற்கு யார் ஒப்புதல் கொடுத்தார், அவருக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா என்பது. அடுத்தது, எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்பது. விலை சரிதானா என்பது அதற்கும் பிறகு. தணிக்கைக்கு ஆள் வருகிற வாரத்தில் எங்கள் யூனிட்டில் ரேஷன் லெட்ஜர், துணி லெட்ஜர், பெட்ரோல் புத்தகம் எல்லாம் மேசையில் அடுக்கி வைப்போம். வந்தவர் பருப்பு இருப்பில் இரண்டு கிலோ இடிக்கிறது என்று ஒரு முழுப் பகல் உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இரண்டு கிலோவைத் தேடிப்போனதில்தான் ஒரு பக்கமே இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது தெரிந்தது.

இதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "தொழிற்சாலைல நான் போடற கணக்கு முதலாளிக்கு. இது யாருக்கு மாமா? பாட்டிக்கா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டிக்கும் தான், வரி கட்டுகிறவனுக்கும் தான் என்று ஏதோ சொன்னேன்.

மைசூரு

என் ஆசை என்னவோ அவள் சீருடை போட வேண்டும் என்பதுதான். 26 ஆண்டு அதிகாரிகளுக்கு சல்யூட் அடித்தவன் நான். எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் தோளில் பட்டையோடு வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அவள் அம்மா பயந்தார். "கல்யாணத்துக்குக் கேக்கறவங்க இன்னா சொல்வாங்கண்ணா?" என்றார். அப்பா, "அது இஷ்டம்" என்று சொல்லிவிட்டு லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2024 ஆகஸ்டில் ஏ.எஃப்.கேட். எழுதினாள், தேறினாள். செப்டம்பரில் சி.ஜி.எல். முதல் கட்டம். அதுவும் தேறினாள். இரண்டுக்கும் எண்கணிதம், தர்க்கம், ஆங்கிலம் பொது என்பதால் ஒரே படிப்பு உதவியது. ஏ.எஃப்.கேட். ஆங்கிலத்தில் மட்டும், சி.ஜி.எல். ஆங்கிலம் அல்லது இந்தி. பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவளுக்குப் படிப்பதில் பாதி நேரம் ஆங்கிலத்துக்கே போனது. தினமும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தைச் சத்தமாக வாசித்தாள், ஐந்து மாதம், ஒரு நாள் விடாமல்.

நவம்பரில் மைசூருவில் விமானப்படைத் தேர்வு வாரியம். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டேன். முதல் நாளே திரும்பிவிட்டாள். முதல் கட்டத்தில் ஒரு மங்கலான படத்தைச் சில விநாடிகள் காட்டுவார்கள், கதை எழுதச் சொல்வார்கள், பிறகு குழுவாகப் பேசச் சொல்வார்கள். எழுதியது நன்றாக வந்ததாம். குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, இவள் இடைவெளிக்குக் காத்திருந்தாள். இடைவெளி வரவில்லை.

தோற்றதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. நான்தான் தவறு செய்தேன். எழுத்துத் தேர்வுக்கு ஐந்து மாதம் தயார் செய்தவளை, பேச்சுக்கு ஒரு வாரம்கூடத் தயார் செய்யவில்லை. கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகள் பலர் கூட்டத்தில் குரல் உயர்த்தாதவர்கள். அவர்களை ஏழெட்டுப் பேரோடு உட்கார வைத்துப் பத்து முறையாவது பேசப் பழக்காமல் அனுப்பக் கூடாது. இப்போது அனுப்புவதில்லை.

டிசம்பரில் பாட்டியின் கணக்கில் நிலுவை ஏறியது. பெயர்த் திருத்தத்துக்கு உறுதிமொழிப் பத்திரம், வயதுச் சான்று, மூன்று நினைவூட்டல் கடிதம். ஜூலையிலிருந்து அகவிலைப்படி 53 ஆனதையும் சேர்த்து அவள் போட்டு வைத்திருந்த தொகைக்கும் வந்த தொகைக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. பாட்டி பாஸ்புக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விருப்பப் படிவம்

2025 ஜனவரியில் சி.ஜி.எல். இரண்டாம் கட்டம். பதவிகளை எந்த வரிசையில் விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் படிவம் வந்தபோது எங்களுக்குள் விவாதம். வருமான வரி இன்ஸ்பெக்டர் போன்ற, சம்பள அட்டவணையில் ஏழாம் நிலைப் பதவிகள் மேலே இருக்கட்டும் என்றேன். சம்பளம் கூடுதல், வீட்டு நிலைமை அப்படி. அவளும் ஒப்புக்கொண்டாள். ஐந்தாம் நிலைக்கு வந்ததும், மத்திய கணக்குத் தணிக்கை அலுவலகங்களில் நகரத்திலேயே இருக்கலாம், அதை முன்னால் போடு என்றேன். அவள் பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஆடிட்டரை முன்னால் போட்டாள்.

பிப்ரவரியில் இரண்டாம் முறை ஏ.எஃப்.கேட். எழுதியிருந்தாள், மறுபடி தேறினாள். மார்ச்சில் சி.ஜி.எல். இறுதி முடிவு: ஆடிட்டர், பாதுகாப்புக் கணக்குத் துறை. தேர்வு வாரியத்துக்குத் தேதி தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம். 22 வயதுதான், இன்னும் வாய்ப்பு இருக்கிறது, போய்ப் பார் என்று நான் கெஞ்சினேன்.

"மாமா, அங்க போனா நிலையத்தோட பணத்தை நானே வெச்சி நடத்தணும். நல்ல வேலைதான். ஆனா எனக்கு அந்தப் பக்கம் வேணாம். இது யாரு சொன்னது, ஏன் சொன்னது, இன்னும் ஏன் வரலன்னு கேக்கற பக்கம் வேணும்."

"சம்பளம் பாதி கண்ணு."

"தெரியும் மாமா. போட்டுப் பாத்தேன். இதுல போனா அப்பா கடனுக்கு நாலு வருஷம், அதுல போனா ரெண்டு. கூட ரெண்டு வருஷம் தாங்கலாம்னு அப்பாவே சொன்னாரு."

எனக்குச் சமாதானம் ஆக நாலு நாள் ஆனது. இப்போது யோசித்தால், பட்டம் பொருந்துகிறதா என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி என்று படுகிறது. பணத்தைக் கையில் வைத்து ஒரு படையை நடத்த விரும்புகிறாயா, அந்தப் பணம் சரியாகப் போனதா என்று கேட்க விரும்புகிறாயா? இரண்டுக்கும் பி.காம். போதும், ஆனால் இரண்டும் வேறு மனசு. கூட்டத்தில் முடிவெடுத்து உடனே நிற்கத் தெரிந்தவனுக்கு முதலாவது. ஒரு எழுத்து இடித்தால் தூக்கம் வராதவனுக்கு இரண்டாவது. சம்பள வித்தியாசத்தை வீட்டோடு உட்கார்ந்து, கடன் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் அதைச் செய்தாள். ஆனாலும் ஆடிட்டர் வேலையின் முதல் சில ஆண்டு சலிப்பானது என்பதையும், ஊர் விட்டு ஊர் மாற்றுவார்கள் என்பதையும் நான் அவளிடம் மூடி மறைக்கவில்லை.

இரண்டு மாநிலத்துக் காகிதம்

எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வேலை கிடைத்த பிறகு நிரப்பும் சான்றுப் படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களை எல்லாம் எழுத வேண்டும். தினமும் போய் வந்த நாட்கள் போக, இவள் தொழிற்சாலை வேலைக்காக ஆந்திரப் பக்கம் அத்தை வீட்டில் பதின்மூன்று மாதம் தங்கியிருக்கிறாள். ஒன்பது கிலோமீட்டர்தான், நமக்கு அது அடுத்த ஊர். காகிதத்தில் அது வேறு மாநிலம், வேறு காவல் நிலையம். மறைத்து எழுதினால் பின்னால் வேலைக்கே ஆபத்து. எழுதினாள். இரண்டு மாநிலப் போலீஸ் விசாரணையும் முடியும் வரை காத்திருந்தாள். அப்பா பிறந்த ஊர் அந்தப் பக்கம் என்பதால் சாதிச் சான்றிதழுக்கும் பழைய காகிதம் தேடிச் சித்தூருக்கு மூன்று முறை போனோம். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் காகிதங்களை எடுத்து வைத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.

2025 இறுதியில் சேர்ந்துவிட்டாள். ஊர் வேறு மாநிலம். விடுதியில் தங்கியிருக்கிறாள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில் பாட்டிலாக அனுப்புகிறார்.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். எந்த யூனிட், என்ன பில் என்று சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஒரு பில்லில் ஒப்புதல் கடிதத்தின் எண் எழுதும் இடம் காலியாக இருந்ததாம். ஆட்சேபக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் முறை. எழுதினாள். அனுப்பும் முன், மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, அந்த யூனிட்டின் கிளார்க்குக்கு ஒரு போன் போட்டு, எண் விட்டுப்போயிருக்கிறது, கடிதம் கையில் இருந்தால் நகலோடு உடனே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

26 ஆண்டில் எனக்கு அப்படி ஒரு போன் வந்ததே இல்லை. குறிப்பு தபாலில் வரும், ஒரு மாதம் கழித்து.

"அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல மாமா. அப்புறம், நாளைக்கே அனுப்பறேன் மேடம்னாரு. அனுப்பிட்டாரு."